ஒரு சொட்டு சோடா

பேராசிரியர் ஸல்காய் தன் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடத் தொட்டதில்லை. முயல் தசையைப் பற்றி நாற்பத்தோரு கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அது வேறு கதை. முயலைக் கொன்று, முதுகெலும்பின் உட்பக்கம் ஒட்டிக் கிடக்கும் நீளத் தசையை நார் நாராகப் பிரித்து, சுருங்கிவிடாதபடி மெல்லிய குச்சிகளில் இழுத்துக் கட்டி, கிளிசரினில் ஊறப்போட்டு, மூன்று வாரம் குளிர்பெட்டியில் காப்பாற்றி வைப்பதெல்லாம் ஆய்வுக்கூட உதவியாளர் வெந்தெலும் எதெல்காவும் பார்க்கிற வேலை. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு உள்ளே நுழைந்து, நாரின் மேல் கடைசிச் சொட்டு மருந்தை விடுவது பேராசிரியரின் வேலை. சொட்டு விழுந்ததும் செத்த நார் சுருங்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த முயலைத் தானே பெற்று வளர்த்தது மாதிரி அவர் முகத்தை வைத்துக்கொண்டு லேசாகத் தலை குனிவார்.

எதெல்கா புர்யான் பதினோரு வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்தாயிற்று. அவள் அவரை வெறுக்கவில்லை. வெறுக்க வேண்டுமென்றால் எதிராளியிடம் கொஞ்சமாவது சரக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவரைப் பார்த்தால் அவளுக்கு வருவது இளக்காரம்தான். அந்த இளக்காரத்தில் ஒரு பங்கைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொள்வாள், ஏனென்றால் பதினோரு வருடமும் வாயை மூடிக்கொண்டு அவருக்கு நார் கட்டிக் கொடுத்தது அவள்தான்.

தசைக்குள் இருப்பது இரண்டு வகை இழை. தடித்தது மயோசின், மெல்லியது ஆக்டின். மயோசினுக்கு உடம்பு நெடுக குட்டிக் குட்டிக் கைகள். அந்தக் கைகள் ஆக்டினைப் பிடிக்கும், இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பது மாதிரி. இப்படிக் கோடிக்கணக்கான கைகள் இழுப்பதால்தான் முயல் ஓடுகிறது, இதயம் துடிக்கிறது, பேராசிரியரின் இடது புருவம் உயர்கிறது. காயத்தை மோப்பம் பிடித்து ஊர்ந்து போகும் வெள்ளையணுவுக்குள்ளும் இதே ஜோடிதான் வேலை பார்க்கிறது என்று எதெல்காவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏ.டி.பி. என்ற எரிபொருள் தீர்ந்துபோனால் கைகள் பிடித்த பிடியை விடாது. பிணம் விறைப்பது அதனால்தான். பேராசிரியர் விடும் சொட்டு மருந்தும் இந்த ஏ.டி.பி.தான்.

"பிடிச்சத விடத் தெரியாததுக்குப் பேர்தான் பொணம்" என்று முதலாண்டு மாணவர்களுக்கு அவள் பாடம் சொல்வாள். சொல்லும்போது அவள் கண் ஒரு தடவை மேல்மாடிக்குப் போய்விட்டு வரும். அங்கே ஒருவர் பதினேழு வருடமாகத் துறைத் தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எரிபொருள் இருந்தால் கைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமே? உயிருள்ள தசை எப்படித் தளர்ந்து ஓய்வெடுக்கிறது? 'இழு' என்று சொல்வது யார்? இந்தக் கேள்விக்குத்தான் எதெல்கா நான்கு வருடத்தைக் கொடுத்தாள். அவளுக்குக் கிடைத்த பதில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து. கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும், கைகள் இழுக்கும். அது துளியும் இல்லாவிட்டால் எரிபொருளை எவ்வளவு ஊற்றினாலும் நார் துவண்டு கிடக்கும். இதை நிரூபிக்க அவள் தண்ணீரைச் சுண்ணாம்பை உறிஞ்சும் பிசின் நிரப்பிய குழாய்களில் திரும்பத் திரும்ப வடித்தாள், கண்ணாடியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும் என்று அதையே தொடாமல் பிளாஸ்டிக் புட்டிகளில் வேலை செய்தாள். திஸா நதிக்கரையில் இருக்கும் அந்த ஊரின் குழாய்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. யார் வீட்டுக் கெட்டிலைத் திறந்தாலும் உள்ளே வெள்ளைப் பொருக்கு பாளம் பாளமாக இருக்கும்.

ஆய்வேட்டை எழுதி முடித்து, பட்டம் வழங்கும் குழுவுக்குத் தலைநகருக்கு அனுப்பினாள். துறைத் தலைவரின் கருத்துரையும் கூடவே போக வேண்டும் என்பது விதி. போனது. தட்டச்சுக்காரி அரன்கா கார்பன் நகலை மேசைக்கு அடியில் நீட்டி, "படிச்சிட்டுக் குடுத்துடு, நான் காட்டினேன்னு சொல்லாத" என்றாள். நாலே வரி. 'கால்சியம் கொத்தனாரின் சொத்து. உயிரின் இயக்கத்தை விளக்க அம்மையார் சுண்ணாம்புச் சட்டியைத் தேடிப் போயிருக்கிறார். இதில் விஞ்ஞானம் ஏதும் இல்லை. நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன்.' கீழே ஸல்காயின் கையெழுத்து, வட்ட முத்திரை.

ஜூன் மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. பட்டம் வந்தால் வேலை நிலைக்கும். வராவிட்டால் ஊர்க்கோடியில் சலாமி இறைச்சித் தொழிற்சாலையில் கொழுப்பு அளக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அங்கேயும் தசைதான். அரைத்த தசை.

இந்த நிலைமையில்தான், மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை, மேற்கு ஜெர்மனியிலிருந்து தண்ணீர் வடிக்கும் மிஷின் வந்து இறங்கியது. முழுக்கக் குவார்ட்ஸ் படிகம். அதை வாங்க பேராசிரியர் அமைச்சகத்துக்கு ஆறு தடவை போய் வந்திருந்தார். வியாழக்கிழமை தலைநகரிலிருந்து அறிவியல் கழகத்துக் குழு அதைப் பார்க்க வருகிறது. குழுவின் தலைவர் கெரெச்சேனி என்ற கிழவர். பட்டம் வழங்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டை ஒட்டடை அடிப்பது மாதிரி பேராசிரியர் ஆய்வுக்கூடத்தைத் தலைகீழாகப் புரட்டினார்.

"வெந்தெல், இனிமே ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணி இதுக்குள்ள வரக்கூடாது. பழைய கண்ணாடிப் புட்டி எல்லாத்தையும் தூக்கிப் போடு. பிளாஸ்டிக்தான் இனிமே."

"எல்லாத்தையுமா சார்? நல்ல புட்டிங்க சார். முப்பது வருஷமா குழாய்த் தண்ணிலதான் கடைசியா அலசி வெக்கிறேன், ஒரு கொறையும் வந்ததில்லையே."

"அதான் இவ்வளவு நாளா நாம அழுக்குல கெடந்தோம். புட்டிய எடுத்துட்டுப் போய் உன் பொண்டாட்டிகிட்ட ஊறுகாய் போடக் குடு."

எதெல்கா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது அவளுக்கு வராது.

"சார், இந்தத் தண்ணில நார் சுருங்காது."

இடது புருவம் உயர்ந்தது. "ஏன்? தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கோ?"

"ஆமா சார். அதுல கால்சியம் இல்ல. ஏ.டி.பி.யையும் பிசின்ல போட்டு சுத்தம் பண்ணச் சொல்லிட்டீங்க, அதுலயும் இல்ல. இத்தனை நாளும் புட்டில ஒட்டியிருந்த சுண்ணாம்புதான் சுருக்கிச்சு."

"கேட்டீங்களாப்பா?" என்று அவர் மற்ற உதவி ஆசிரியர்களின் பக்கம் திரும்பினார். "அழுக்கு வேணுமாம். விஞ்ஞானத்துக்கு அழுக்கு வேணுமாம்! எதெல்கா, சுண்ணாம்பு மேல உனக்கு அவ்வளவு ஆசைன்னா எங்கிட்ட ஏன் சொல்ற? நல்ல கொத்தனாரா ஒருத்தனப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கோ. வருஷா வருஷம் வெள்ளையடிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. முதலில் நிறுத்துவது யார் என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி சிரித்தார்கள். எதெல்கா விடவில்லை.

"ஒரு தடவை ஒத்திகையாவது பாத்துடலாம் சார். பத்து நிமிஷ வேலை."

"ஒத்திகை நாடகக்காரனுக்கு. நான் முப்பது வருஷமா பண்றேன்."

பண்றாராம். வெந்தெல் கண்ணாடிப் புட்டிகளை மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே மீசைக்குள் முணுமுணுத்தார். "விடுங்க எதெல்காம்மா. சொன்னீங்க, கேக்கல. வியாழக்கிழமை நாம ஓரமா உக்காந்து பாப்போம்."

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். மூன்று நாளும் அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குழு வந்து சேர்ந்தது. கெரெச்சேனிக்கு எழுபது வயது, நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார் போன்ற முகம், ஆனால் தூங்காத கண். ஓரத்து மேசையில் உப்புப் பொகாச்சா ரொட்டிகள், வெள்ளை ஒயின், பக்கத்தில் சோடா பீய்ச்சும் கனத்த கண்ணாடி சைஃபன். அது இல்லாத மேசை அந்த நாட்டில் எங்கே இருக்கிறது? கிழவர் கோப்பையில் இரண்டு விரல் ஒயினை ஊற்றி, அதற்கு மேல் சோடாவைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார்.

தட்டில் நார் தயாராக இருந்தது. ஒரு முனை ஊசியில், மறு முனை மெல்லிய நெம்புகோலில். நார் சுருங்கினால் நெம்புகோல் எழும்பும். நெம்புகோலின் நுனியில் பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று பேராசிரியர் சிவப்புக் காகிதத்தில் ஒரு சின்னக் கொடி ஒட்டச் சொல்லியிருந்தார். குழுவில் இருக்கும் தோழர்களுக்கு அது பிடிக்கும் என்று ஒரு கணக்கு.

"தோழர்களே, இந்த முயல் செத்து மூணு வாரமாச்சு. இப்ப இதுக்கு நான் உயிர் குடுக்கப் போறேன்."

சொட்டை விட்டார். கொடி கொஞ்சம் அசைந்தது. பிறகு மெல்ல, எல்லோரும் நன்றாகப் பார்க்கும்படி, கீழே இறங்கியது.

எதெல்கா எதிர்பார்த்ததுதான். எரிபொருள் கிடைத்ததும் கைகள் பிடியை விட்டன. 'இழு' என்று சொல்ல ஆள் இல்லாததால் மறுபடி பிடிக்கவில்லை. நார் துவண்டது.

"தோழர் ஸல்காய், உங்க கொடி எறங்குதே?" என்றார் கெரெச்சேனி.

"ஒரு நிமிஷம் தோழர் தலைவரே. கொஞ்சம் சோம்பேறி முயல்." இரண்டாவது சொட்டு. மூன்றாவது. பிறகு குழாயில் இருந்த அத்தனையையும் பீய்ச்சினார். கொடி தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு படுத்துவிட்டது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பேராசிரியரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. அவர் அடுத்தபடி என்ன செய்வார் என்று எதெல்காவுக்குத் தெரியும். செய்தார்.

"நார் சரியில்ல. தயார் பண்ணினவங்க கெடுத்துட்டாங்க. இந்த ஆளு முயலுக்கு என்ன தீனி போட்டு வளத்தானோ!"

வெந்தெலின் மீசை துடித்தது. "சார், அந்த முயலோட மிச்சத்த நாங்க வீட்ல பப்ரிக்கா மொளகாத்தூள் போட்டு ஆக்கித் தின்னோம். அருமையான முயலுங்க!"

"வாய மூடு. இந்த எதெல்கா கட்டின நார் எதையுமே நம்ப முடியாது, தோழர் தலைவரே. நாலு வருஷமா இதே கதைதான்."

மூன்று நாளாக இனித்தது அந்த நொடியில் கசந்துபோயிற்று. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாவது? ஆய்வேட்டில் இருந்த அத்தனை அளவும் அவள் கட்டிய நாரில் எடுத்தவை. நார் கெட்டது என்று இந்த அறையில் முடிவாகிவிட்டால் நான்கு வருடமும் அந்தக் காகிதக் கொடியோடு சேர்ந்து படுத்துவிடும். கிழவர் ஊருக்குப் போய்க் கருத்துரையில் ஒரு கையெழுத்துப் போடுவார். அப்புறம் சலாமிதான். இந்த வெள்ளைக் கோட்டுக்காரர் கவிழ்வதை ரசிக்கப் போய் தன்னையும் சேர்த்துக் கவிழ்த்துக்கொள்ள இருந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எழுந்தாள்.

தானே சொட்டு விட்டால் அது நாளைக்குப் 'பேராசிரியரின் உத்தரவுப்படி' ஆகிவிடும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"தோழர் தலைவரே, அந்த சோடாவுல கொஞ்சம் வேணும். ஒயின் கலக்காதது."

"எனக்குக் குடிக்க வெச்சதாச்சே" என்றார் கிழவர். கண் மட்டும் விழித்துக்கொண்டது.

"ஒரே ஒரு சொட்டு போதும். நீங்களே உங்க கையால நார் மேல விடுங்க."

"எதெல்கா! இது என்ன விளையாட்டு? தோழர் தலைவரே, இவளுக்குக் கொஞ்சம்..."

"இருங்க தோழர். முப்பது வருஷமா என்னய யாரும் சொட்டு விடக் கூப்பிடல" என்று கெரெச்சேனி எழுந்தார். எதெல்கா ஒரு பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினாள். அவர் சைஃபனை அழுத்திச் சோடா பிடித்தார். சொட்டுக்குழாயைக் கிழட்டு விரல்களில் ஏந்தி, குனிந்து, ஒரு சொட்டு விட்டார்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொடி நடுங்கியது. படுத்தவன் முழங்கையை ஊன்றி எழுவது மாதிரி எழும்பி, நேராக நிமிர்ந்து நின்றது.

"எழுந்துட்டான்யா!" என்று வெந்தெல் கத்தியே விட்டார்.

கிழவர் கொடியைப் பார்த்தார், சைஃபனைப் பார்த்தார், எதெல்காவைப் பார்த்தார். "இதுல என்னம்மா இருக்கு?"

"இந்த ஊர்த் தண்ணி, தோழர். அதுல சுண்ணாம்பு. நீங்க விட்ட சொட்டுல இருந்தது ஒரு உப்புக்கல்லு அளவுகூட இருக்காது."

"குமிழியா இருந்தா? சோடாவுல காத்து இருக்கே."

நல்ல கேள்வி. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் நல்ல கேள்வி ஒன்று கேட்டதில்லை. "சுண்ணாம்பு எடுத்த தண்ணில அதே காத்த ஏத்தி விட்டும் பாத்தேன், தோழர். சுருங்கல. என் ஆய்வேட்டுல அறுபத்தி மூணாம் பக்கம்."

"உன் ஆய்வேடா? உன் பேரு?"

"எதெல்கா புர்யான்."

அதற்குள் பேராசிரியருக்கு மூச்சு திரும்பிவிட்டது. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு முன்னால் வந்தார். குரலில் பழைய வெண்ணெய்க் குழைவு வந்திருந்தது. "பாத்தீங்களா தோழர் தலைவரே, இதத்தான் நாங்க எங்க துறையில ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றோம். கால்சியம்! கொஞ்சம் சுவாரஸ்யமா காட்டணும்னுதான் மொதல்ல சுருங்காம..."

வெட்கம் என்ற ஒன்று அந்த மனிதருக்குப் பிறக்கும்போதே வைக்கவில்லை போலும். எதெல்கா வாயைத் திறந்தாள். திறக்கத் தேவையே இருக்கவில்லை. கிழவர் தோல்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆய்வேட்ட இன்னும் படிக்கல. கருத்துரைய மட்டும் ரயில்ல படிச்சேன், சின்னதா இருந்ததால. 'கால்சியம் கொத்தனாரின் சொத்து'" என்று நிதானமாக வாசித்தார். "'அம்மையார் சுண்ணாம்புச் சட்டியைத் தேடிப் போயிருக்கிறார்.' இது உங்க கையெழுத்துதானே, தோழர் ஸல்காய்?"

திங்கட்கிழமை சிரித்தவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"தட்டச்சுப் பிழை" என்றார் பேராசிரியர். "அரன்காதான்..."

"எந்த வார்த்தையில?"

பேராசிரியர் கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

"சரி. பிழைன்னா திருத்திட வேண்டியதுதான். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. உக்காந்து எழுதுங்க. முத்திரை எங்க இருக்கு?"

பேராசிரியர் சோதனை மேசையிலேயே, நிமிர்ந்து நின்ற அந்தச் சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். நீளமாகவே எழுதினார். முதல் கருத்துரை நாலு வரி, இது ஒன்றரைப் பக்கம். கெரெச்சேனி அதை வாங்கிப் படிக்காமல் எதெல்காவிடம் நீட்டினார். "நீ பாத்துச் சொல்லும்மா."

அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். 'முன்னோடியான கண்டுபிடிப்பு', 'மறுக்க முடியாத சான்று', 'பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்' எல்லாம் இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு மூலையில், 'என் வழிகாட்டுதலின் கீழ்' என்றும் இருந்தது.

தாளை அவர் முன்னால் வைத்து விரலால் காட்டினாள். "இந்த மூணு வார்த்தைய அடிச்சிடுங்க சார்."

"எதெல்கா, அது ஒரு சம்பிரதாயம். எல்லா ஆய்வேட்டுலயும்..."

"அடிச்சிடுங்க சார்."

அவர் கிழவரைப் பார்த்தார். கிழவர் திரும்பி நின்று கோப்பையில் சோடாவைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். சைஃபனின் சீறல் கொஞ்சம் அதிக நேரமே கேட்டது. பேராசிரியர் பேனாவை எடுத்து மூன்று வார்த்தைகளின் மேலும் கோடு இழுத்தார். இடது புருவம் எழும்பவே இல்லை.

"அடிச்ச எடத்துல கையெழுத்து போடணும் சார். விதி."

போட்டார். எதெல்கா மை ஒற்றும் தாளை அழுத்தி எடுத்து, முத்திரையைத் தானே பதித்து, கெரெச்சேனியிடம் கொடுத்தாள். அவர் அதைப் பையில் வைத்து, ஒரு பொகாச்சாவையும் எடுத்துக்கொண்டு, மீன் சூப்பு ஆறிவிடும் என்று சொல்லிக் குழுவை வெளியே ஓட்டிப் போனார்.

பேராசிரியர் மட்டும் கதவருகே நின்றார். கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எதெல்கா... நான் என்ன சொல்றேன்னா, இத நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு கட்டுரையா..."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருடமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டலாம் என்று தோன்றியது. இந்த ஆளுக்கு அவ்வளவு எதற்கு என்றும் தோன்றியது.

"தொட்டியில அஞ்சு குடுவை கெடக்கு சார். கழுவி வெச்சிட்டுப் போங்க" என்றாள். "கடைசி அலசு குழாய்த் தண்ணில."

வெந்தெல் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.